பிரஷர் இறங்கியாச்சு, இதயச் சுவர்?

எக்கோ ரிப்போர்ட்டைக் கடையில் நீட்டுகிறவர்கள் பெரும்பாலும் கடைசி மூன்று வரியைத்தான் விரல் வைத்துக் காட்டுவார்கள். "கான்சென்ட்ரிக் எல்விஹெச். கிரேடு ஒன் டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன். நார்மல் எல்வி சிஸ்டாலிக் ஃபங்ஷன்." அதில் இருக்கிற "நார்மல்" ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகப் போகிறவர்கள் உண்டு. இதயச் சுவர் தடித்திருக்கிறது என்கிற முதல் வரியைப் படித்துவிட்டு ராத்திரித் தூக்கம் போனவர்களும் உண்டு. வடக்கனந்தல் பக்கம் மருந்துக்கடையில் நிற்கிற எனக்கு இரண்டு தரப்பையும் தெரியும். பாதிப் பேர் உறவுக்காரர்கள்.

நான் மருந்தாளுநர். நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்தை மாற்றுவதும் டாக்டர் வேலை. ஆனால் என் கையால் எடுத்துக் கொடுக்கிற மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்று படித்து வைத்துக்கொள்வது என் பொறுப்பு. எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் கேட்ட கேள்வி என்னை எழுத உட்கார வைத்தது.

"ஏம்பா, பிரஷரு நூத்தி முப்பதுக்கு வந்துடுச்சுன்னு நர்சம்மா சொல்லிட்டாங்க. இனிமே எதுக்கு இந்த மாத்திர? ஹார்ட்டு தடிச்சிருக்குன்னு கள்ளக்குறிச்சியில சொன்னாங்க பாரு, அதுக்கு ஒரு மாத்திர இருந்தா குடு."

"அதுக்கும் இதேதான் மாத்திர, பெரியம்மா."

அவர் நம்பவில்லை. பிரஷருக்கு ஒரு மாத்திரை, இதயத்துக்கு வேறு மாத்திரை என்றுதான் நம் எல்லார் மனதிலும் பதிந்திருக்கிறது. நம்பர் இறங்கினால் வேலை முடிந்தது என்றும் நினைக்கிறோம். அந்த நினைப்பால்தான் எத்தனையோ பேர் பாதியில் மாத்திரையை நிறுத்துகிறார்கள். நம்பர் சில வாரங்களில் இறங்கிவிடும். சுவர் இறங்க மாதங்கள் ஆகும், சிலருக்கு வருஷங்கள் ஆகும்.

முதலில் சுவர் ஏன் தடிக்கிறது என்று பார்ப்போம். உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுவது இடது கீழறை. அதன் சுவர் ஆண்களுக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர், பெண்களுக்கு 6 முதல் 9 மில்லிமீட்டர் கனம் இருப்பது இயல்பு. ரத்த அழுத்தம் வருஷக்கணக்கில் 160, 170 என்று நின்றுவிட்டால், ஒவ்வொரு துடிப்பிலும் அந்த அறை அத்தனை எதிர்ப்பையும் மீறித் தள்ளியாக வேண்டும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் துடிப்பு. கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்புக் கட்டு ஏற்றுகிறவரின் தோளும் புஜமும் திரண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். இதயத் தசையும் அதே காரணத்துக்காகத்தான் தடிக்கிறது. ஆனால் புஜம் வெளிப்பக்கம் திரளும். இடது கீழறையின் சுவர் தடிக்கத் தடிக்க, உள்ளே ரத்தம் நிற்கிற இடம் குறுகும்.

ஆரம்பத்தில் இது ஒரு தற்காப்பு. சுவர் தடிமனானால் அழுத்தத்தின் பாரம் அதிகத் தசைக்குப் பங்கிடப்படுகிறது, ஒவ்வொரு தசை நாருக்கும் சுமை குறைகிறது. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. தசைச் செல்கள் எண்ணிக்கையில் பெரிதாகக் கூடுவதில்லை, இருக்கிற செல்களே பருக்கின்றன. அவற்றுக்கு ரத்தம் கொடுக்கிற நுண்குழாய்கள் அதே வேகத்தில் வளர்வதில்லை. செல்களுக்கு நடுவே கொலாஜன் என்கிற நார்ப்பொருள் படிகிறது. சுவர் விறைத்துப்போகிறது. சுருங்கித் தள்ளுகிற வேலையை அது இன்னும் நன்றாகத்தான் செய்யும், ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று வருவது அதனால்தான். தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்கிற வேலையில்தான் தடுமாறும், "டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்" என்பது அதுதான். கோமுகி அணைப் பக்கம் மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, முன்னெல்லாம் இப்படி இல்லை என்று சொல்கிறவர்கள் பலருக்கும் கோளாறு இங்கேதான். இடது கீழறை ரத்தத்தை வாங்கத் தயங்கினால் அதற்கு மேலே இருக்கிற இடது மேலறை விரியும். விரிந்த மேலறை ஒழுங்கில்லாமல் துடிக்கத் தொடங்கினால் அதில் ரத்தம் கட்டி, மூளைக்குப் போய்ப் பக்கவாதமாக முடியலாம்.

அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்கிற ஊரில் 1948-இல் தொடங்கிய ஆய்வை இதய மருத்துவம் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆய்வில் இருந்த 40 வயதுக்கு மேற்பட்ட 3,220 பேருக்கு எக்கோ எடுத்து, இடது கீழறையின் எடை கூடக் கூட இதய நோயும் மரணமும் கூடுகின்றன என்று 1990-இல் வெளியிட்டார்கள். பிரஷர், சர்க்கரை, புகை, கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் தடித்த சுவர் தனி ஆபத்தாக நின்றது.

தடித்த சுவரைத் திரும்ப மெலிய வைக்க முடியுமா? முடியும் என்பதற்கான முதல் தெளிவான சான்றுகளில் ஒன்று எலிகளிடமிருந்து வந்தது. ஜப்பானில் கியோட்டோவில் 1963-இல் பிறவியிலேயே உயர் ரத்த அழுத்தம் உள்ள எலி இனம் ஒன்றை வளர்த்தெடுத்தார்கள். 1974-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் சுபா சென் என்ற ஆய்வாளரும் ராபர்ட் டராசியும் கூட இருந்தவர்களும் அந்த எலிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மெத்தில்டோபா கொடுத்த எலிகளின் இதயம் மெலிந்தது. ஹைட்ரலசின் கொடுத்த எலிகளுக்குப் பிரஷர் நன்றாகவே இறங்கியது, ஆனால் இதயம் மெலியவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிரஷரை இறக்கினாலே போதும், சுவர் தானாக மெலியும் என்பது உண்மையானால் இரண்டு மருந்தும் ஒரே பலனைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அப்படியானால் அழுத்தம் மட்டும் சுவரைத் தடிக்க வைக்கவில்லை, வேறு ஏதோவும் உள்ளிருந்து தூண்டுகிறது. ஹைட்ரலசின் ரத்தக் குழாயை நேரடியாக விரிக்கும். பிரஷர் சட்டென்று இறங்குவதைப் பார்த்து உடம்பு பதறி, நரம்பு மண்டலத்தைத் தட்டி எழுப்பி, நோர்அட்ரினலினையும் ரெனினையும் கொட்டும். அந்த ரசாயனங்களே இதயச் செல்லைப் "பெருத்துக்கொள்" என்று தூண்டுகிறவை. ஒரு பக்கம் சுமை குறைகிறது, இன்னொரு பக்கம் வளர்ச்சிக்கான உத்தரவு கூடுகிறது. மினாக்ஸிடிலும் இதே வகைதான். இன்றைக்கு இளைஞர்கள் முடி வளர என்று கேட்டு வாங்குகிற அந்தத் தைலம், முதலில் கடுமையான பிரஷருக்கான மாத்திரையாகத்தான் வந்தது. அதுவும் பிரஷரை நன்றாக இறக்கும், சுவரை மெலிய வைக்காது.

உள்ளிருந்து தூண்டுகிறவற்றில் முக்கியமானது ஆஞ்சியோடென்சின் 2. ரத்தக் குழாயை இறுக்குவது, உப்பைப் பிடித்து வைப்பது, இதயச் செல்லைப் பருக்க வைப்பது, நாரைப் படிய வைப்பது என நாலு வேலையும் அது பார்க்கும். அதை உண்டாக்குகிற நொதியைத் தடுக்கும் மருந்துக்கான துப்பு ஒரு பாம்பிடம் கிடைத்தது. பிரேசில் நாட்டு ஜரராக்கா என்கிற விரியன் கடித்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அதன் விஷத்தில் இருந்த ஒரு பொருளை 1960-களில் செர்ஜியோ ஃபெரேரா பிரித்துக் காட்டினார். அந்த வழியைப் பிடித்துக்கொண்டு குஷ்மனும் ஒண்டெட்டியும் கேப்டோபிரில் என்ற மாத்திரையை உருவாக்கினார்கள். 1981-இல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் கிடைக்கிற எனலாபிரில் அதன் அடுத்த தலைமுறை. கரும்புத் தோட்டத்தில் கண்ணாடி விரியனுக்குப் பயந்து கம்பு தட்டிக்கொண்டே நடக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால் கண் விரியக் கேட்பார்கள்.

மூலிகை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்வராயன் மலையில் வேர் எடுத்துச் சாப்பிட்டால் பிரஷர் போய்விடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. பிரஷருக்கு உலகம் முழுக்கப் பயன்பட்ட முதல் மருந்துகளில் ஒன்று நம் மண்ணின் வேர்தான் என்பது உண்மை. சர்ப்பகந்தா வேரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதினார். மூன்று வருஷத்தில் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது. அதே ரெசர்பின் அளவு கூடினால் கடுமையான மனச்சோர்வில் தள்ளக்கூடும் என்றும் பிறகு எச்சரித்தார்கள். ஒரு வேரில் எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் வேரை மெல்ல வேண்டாம் என்கிறேன். மலைக்காரர்களின் அறிவின் மேல் எனக்கு மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

சரி, இன்றைக்கு நம் கையில் இருக்கிற மாத்திரைகளில் எது எவ்வளவு மெலிய வைக்கிறது? 2003-இல் கிளிங்பெய்ல் என்பவரும் குழுவினரும் 80 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். இடது கீழறை எடை லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற "சார்டன்" வகையில் 13 சதவீதம் குறைந்தது. அம்லோடிபின் வகையில் 11, எனலாபிரில் வகையில் 10, நீர் மாத்திரையில் 8, அட்டினலால் வகையில் 6.

முதல் மூன்றுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். யாராவது எனலாபிரிலைத் தூக்கிப் போட்டுவிட்டு விலை கூடிய மாத்திரைக்கு மாற வேண்டும் என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. ஆனால் கடைசியில் நிற்கிற அட்டினலால் யோசிக்க வைக்கிறது. அதைப் பெரிய அளவில் சோதித்தது லைஃப் என்ற ஆய்வு. ஈசிஜியிலேயே சுவர் தடித்திருப்பது தெரிந்த 9,193 பேர், வயது 55 முதல் 80 வரை. பாதிப் பேருக்கு லோசார்டன், பாதிப் பேருக்கு அட்டினலால். 2002-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. இரு தரப்புக்கும் பிரஷர் ஏறக்குறைய ஒரே அளவுதான் இறங்கியிருந்தது. ஆனால் இதய, ரத்தக் குழாய் நோயால் வரும் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் லோசார்டன் தரப்பில் 13 சதவீதம் குறைவு. பக்கவாதம் மட்டும் 25 சதவீதம் குறைவு. சுவரும் அந்தத் தரப்பில்தான் அதிகம் மெலிந்தது. இரண்டு வருஷம் கழித்து அதே ஆய்வின் ஈசிஜி, எக்கோக்களை மறுபடி அலசியபோது இன்னொன்றும் தெளிவானது: எந்த மருந்து என்பதைத் தாண்டி, யாருக்குச் சுவர் மெலிந்ததோ அவர்களுக்கு ஆபத்து குறைந்தது. சுவர் மெலிந்ததால் கிடைத்த நன்மை, பிரஷர் இறங்கியதால் கிடைத்ததோடு நிற்கவில்லை.

பெரியம்மாவின் கேள்விக்கு நான் சொல்ல விரும்பிய பதில் இதுதான். கடை வாசலில் நின்று இவ்வளவும் சொல்ல நேரமில்லை.

படிந்த நார் கரைவது இன்னும் மெதுவாக நடக்கும். ஜெர்மனியில் பிரில்லா என்பவரும் குழுவினரும் 35 நோயாளிகளின் இதயத் தசையிலிருந்து துணுக்கு எடுத்து, மருந்து கொடுத்து, 6 மாதம் கழித்து மறுபடி துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். 2000-இல் வெளியான முடிவு இது. நீர் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத் தசைச் செல் மெலிந்திருந்தது, நார் அப்படியே இருந்தது. எனலாபிரிலின் உறவான லிசினோபிரில் சாப்பிட்டவர்களுக்கு நார் குறைந்திருந்தது, அறை தளர்வதும் மேம்பட்டிருந்தது. அந்தக் குறைவு கொஞ்சம்தான், அதற்கே 6 மாதம் ஆனது. வருஷக்கணக்கில் படிந்ததை இரண்டு அட்டை மாத்திரையில் கரைக்க முடியாது. மலையிலிருந்து மாதக்கணக்கில் வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள், போகிற இடத்தில் மாத்திரையை விட்டுவிட்டு, பொங்கலுக்கு வந்து மறுபடி தொடங்குகிறார்கள். ஒவ்வொரு தடவையும் சுவர் தடித்த பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்குகிறது. அவர்களுக்கு மட்டும் கையைப் பிடித்துச் சொல்வேன்: போகும்போது இரண்டு மாத மாத்திரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்க அண்ணா. போகிற ஊரிலும் அரசு ஆஸ்பத்திரி இருக்கும், பழைய சீட்டைக் காட்டினால் போதும்.

ஏன் நிறுத்துகிறார்கள்? எங்கள் பக்கம் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. அம்லோடிபின் சாப்பிட்டால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அதைப் பார்த்து "ஹார்ட்டு வீக்கம் காலுக்கு எறங்கிடுச்சு" என்று பயந்து நிறுத்துகிறார்கள். பெரும்பாலும் அது குழாய் விரிந்ததால் நீர் கசிகிற வீக்கம்தான். ஆனாலும் மூச்சு வாங்கலோடு சேர்ந்து வந்தால் உடனே காட்ட வேண்டும். இரண்டாவது எனலாபிரில் தருகிற வறட்டு இருமல். டானிக் டானிக்காக வாங்கிக் குடிப்பார்கள், இருமல் போகாது. மாத்திரையைச் சார்டன் வகைக்கு டாக்டர் மாற்றிக் கொடுத்தால் சில வாரத்தில் போய்விடும். மூன்றாவது, "மாத்திர பழகிடும், அப்புறம் விட முடியாது" என்கிற பயம். மாத்திரைக்கு உடம்பு அடிமையாவதில்லை. நோய் உள்ளே இருப்பதால் மாத்திரை தேவைப்படுகிறது. அட்டினலாலை மட்டும் திடீரென்று நிறுத்தவே கூடாது. நெஞ்சுவலியும் படபடப்பும் திரும்ப அடிக்கும்.

நாலாவதாக ஒன்று, இது மாத்திரையை நிறுத்தாமலேயே கெடுக்கிறது. கரும்பு வெட்டி, நடவு நட்டு, இடுப்பு வலி முழங்கால் வலி என்று டைக்ளோஃபெனக் வாங்கித் தினம் போடுகிறவர்கள். அது உப்பையும் நீரையும் உடம்பில் தங்க வைத்துப் பிரஷரை ஏற்றும், எனலாபிரில், சார்டன் மாத்திரைகளின் வேலையைத் தடுக்கும், அவற்றோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் பிடிக்கும். வலி பொய்யில்லை, நான் அறிவேன். வலிக்கு வேறு வழி கேளுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

இதுவரை சொன்னது பிரஷரால் தடித்த இதயத்தைப் பற்றி. பெரிய இதயம் என்று சொல்லப்படுவதில் வேறு இரண்டு வகைகள் இருக்கின்றன, அவற்றில் கணக்கே மாறும்.

ஒன்று, தடிக்காமல் விரிந்து, சுவர் தளர்ந்து, தள்ளும் பலம் குறைந்த இதயம். மாரடைப்புக்குப் பிறகும், சில சமயம் குடியாலும் வரும். இங்கேயும் எனலாபிரில் காப்பாற்றும். 1987-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 253 கடுமையான நோயாளிகளிடம் நடந்த கன்சென்சஸ் ஆய்வில், 6 மாத முடிவில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், எனலாபிரில் சாப்பிட்டவர்களில் 26 சதவீதம். கார்வெடிலால், மெட்டோபுரோலால், பைசோபுரோலால் போன்றவை இந்த விரிந்த இதயத்தைச் சிலருக்குச் சுருக்கியே கொடுக்கின்றன. ஆனால் பிரஷருக்குக் கொடுக்கிற வெராபமிலும் டில்டியாசமும் தளர்ந்த இதயத்துக்கு ஆகாது.

இன்னொன்றுதான் என்னை நிறைய யோசிக்க வைத்தது. பிரஷர் இல்லாமலே, பரம்பரையாகச் சுவர் தடிக்கிற நோய். பெரும்பாலும் இரண்டு கீழறைகளுக்கு நடுவில் இருக்கிற தடுப்புச் சுவர் தடித்து, ரத்தம் வெளியே போகிற வாசலை அடைக்கும். சின்ன வயசுக்காரர் ஓடும்போதோ பளு தூக்கும்போதோ மயங்கி விழுவார். சிலர் எழுந்திருப்பதே இல்லை. ஊரில் அதற்கு என்னென்னவோ காரணம் சொல்லிவிட்டுப் புதைத்துவிடுவார்கள்.

இதில் நம் தமிழ்நாட்டுக்கு ஒரு நேரடிச் சம்பந்தம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கிய பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட பெரிய குழு 2009-இல் நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம் தெற்காசியர்களில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது, இதய நோயாளிகளிடம் அது அதிகமாகக் காணப்படுகிறது என்று அது சொன்னது. பிறகு வந்த ஆய்வுகள் கதையைத் திருத்தின. அப்போது சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் இருந்த சக்திவேல் சடையப்பனின் குழுவும் வேறு குழுக்களும் ஆராய்ந்து, அந்த 25 எழுத்து இழப்பு மட்டும் இருந்தால் ஆபத்து பெரிதில்லை, அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற வேறு மாற்றமும் சேர்ந்தால்தான் நோய்க்கு இழுக்கிறது என்று காட்டின. இப்படி ஒரு கண்டுபிடிப்பைப் பத்து வருஷம் விடாமல் சோதித்துத் திருத்துவதை நான் மதிக்கிறேன். நூற்றில் நாலு பேர் என்று கேட்டுப் பயந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது நிம்மதி தந்த திருத்தம்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். வாசல் அடைபட்ட இந்த இதயத்துக்கு அம்லோடிபின், எனலாபிரில், சார்டன், நீர் மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும்? குழாய் விரியும், அறையில் ரத்தம் குறையும், குறுகிய வாசல் இன்னும் அடைத்துக்கொள்ளும். மயக்கம் கூடலாம். இங்கே முதலில் எடுப்பது துடிப்பை நிதானப்படுத்தி அறை நிரம்ப நேரம் கொடுக்கிற பீட்டா பிளாக்கர், அதாவது அட்டினலாலின் குடும்பம். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெராபமில். மேலே 6 சதவீதத்தோடு கடைசியில் நின்ற குடும்பம் இங்கே முன்னால் வந்து நிற்கிறது. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாவாகாம்டென் என்ற புது மருந்து, தசை சுருங்குகிற விசையையே நேரடியாகக் குறைக்கிறது.

ஆகவே பக்கத்து வீட்டு மாமாவுக்கு இதயம் தடித்திருந்தது, அவர் சாப்பிடும் மாத்திரையை நானும் சாப்பிடுகிறேன் என்று கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புகிறேன். தடிப்பு எதனால் என்று தெரியாமல் எந்த மாத்திரை என்று சொல்ல முடியாது. வீட்டில் 50 வயதுக்கு முன் திடீரென்று யாராவது இறந்திருந்தால், பிரஷர் இல்லாமலே சுவர் தடித்திருந்தால், ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தடித்திருந்தால், இதய டாக்டரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் எக்கோ பார்க்கச் சொல்வார்.

மாத்திரை வாங்கவும் இதயத்தைக் காட்டவும் நம் மாவட்டத்தில் இப்போது வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-இல் திறக்கப்பட்டது. மலைக்கு மேலே வெள்ளிமலையில் இருப்பவர்கள் இதயம் பார்க்க சேலம், விழுப்புரம் என்று அலைந்த காலத்தை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் 2020-இல் தமிழ்நாடு அரசு எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பு, பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்றது. அவர்களில் பிரஷர் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் பேர் மட்டுமே. மாத்திரை வாசலுக்கு வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அந்த எண் ஏறியிருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மாத்திரை வாசலுக்கு வருவதால் ஒரு குறையும் வரலாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற பழக்கமே விட்டுப்போகலாம். வீட்டில் பிரஷர் பார்க்கலாம், இதயச் சுவரைப் பார்க்க முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய் ஈசிஜி எடுங்கள். வலியில்லை, சில நிமிஷ வேலை. ஈசிஜியில் தடிப்பு தெரிந்தால் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று அர்த்தமில்லை, ஈசிஜி பலரைத் தவறவிடும். சந்தேகம் இருந்தால் டாக்டர் எக்கோ எழுதுவார். எனலாபிரில், சார்டன் சாப்பிடுகிறவர்கள் ரத்தத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய எக்கோ ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட வேண்டாம். 13 மில்லிமீட்டர் 11 ஆனதா என்று ஒப்பிட அது வேண்டும்.

கடைசியாக, கல்யாணமான பெண்பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு. எனலாபிரில், ராமிபிரில், லோசார்டன், டெல்மிசார்டன் இவற்றை கர்ப்பமாக இருக்கும்போது சாப்பிடக் கூடாது. வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அம்மாவோ மாமியாரோ சாப்பிடுகிற மாத்திரையை மருமகளுக்குப் பிரஷர் ஏறியதும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கர்ப்ப காலத்துப் பிரஷருக்கு லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று வேறு மாத்திரைகள் இருக்கின்றன. 30, 35 வயதில் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிற பெண்கள், பிள்ளைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். நாள் தள்ளிப்போனது தெரிந்தால் அந்த வாரமே சீட்டை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.